ஒருநாட் பயணமும் வத்தல்மலையும்

பத்துப்பாட்டின் இறுதிப் பாட்டாக வைத்து எண்ணப்பெறும் மலைபடுகடாம் 583 அடிகளைக் கொண்டது. செங்கண்மாவை ஆண்ட நன்னன்மீது பெருங்கௌசிகனார் பாடிய இப்பாட்டிற்குக் கூத்தராற்றுப்படை என்னும் பெயரும் உண்டு. பரிசில் பெற்றான் ஒருவன், பெறாத கூத்தரை நன்னனிடம் ஆற்றுப்படுத்துவதாக அமைந்தது என்று வகுப்பறையில் கூறி, நயங்களை எடுத்துரைத்து, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகிறோம். ஆயின், ஐம்பது பேரை அழைத்துக்கொண்டு ஒரு மலைக்குச் சென்று மீளவேண்டிய பொறுப்பு நம் தலைமேல் விழும்போது இப்பாட்டு வேறொரு முகங்காட்டும். பன்றிக்கு வைத்த பொறி வழியில் இருக்கும்; பாம்புகள் உறையும் இடங்கள் உள; தினைப்புனம் காப்போர் வீசும் கவண்கல் உங்கள்மேல் படக்கூடும், மரங்களில் மறைந்து செல்லுங்கள்; வழுக்கும் இடத்தில் பற்றுக்கோடின்றி நடவாதீர்; இன்ன ஊரில் இன்ன உணவு கிடைக்கும் என்று புலவர் சொல்லிக்கொண்டே போகிறார். புகழுரையை ஒருபுறம் வைத்துவிட்டால் எஞ்சுவது ஒரு பயணத் திட்டமே. அதுவும் தான் முன்னரே சென்று மீண்ட வழியைச் சொல்லும் ஒருவனின் திட்டம்.

இவ்வெண்ணம் எனக்கு எழுந்தது நம் தமிழ்மன்றத்து இளைஞர் குழுவின் கூட்டம் ஒன்றில். ஆண்டுக்கொரு முறை செல்லும் ஒருநாட் பயணம் எங்கு என்பதே அன்றைய பொருள். பெங்களூருக்கு அப்பால் பிடதியில் 2005ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் வொண்டர்லா கேளிக்கைப் பூங்காவிற்குத்தான் கைகள் உயர்ந்தன. தருமபுரி மாவட்டத்து வத்தல்மலையை நான் சொன்னபோது கடைசி வரிசையிலிருந்து, "அங்கே என்ன இருக்கிறது ஐயா?" என்று ஒரு மாணவர் கேட்டார். அவை சிரித்தது. அவர் கேட்டது நியாயமான கேள்வி. உடனே விடை சொல்ல எனக்கும் இயலவில்லை. அன்றுமுதல் ஏறத்தாழ இரண்டு திங்கள் இவ்விரண்டு இடங்களையும் தாளில் எழுதி எழுதி ஒப்புநோக்கியதில் அறிந்தவற்றையே இங்குத் தொகுத்துரைக்கின்றேன். இனி இத்தகைய பயணங்களுக்குப் பொறுப்பேற்கும் மாணவர்க்கும் இளம் ஆசிரியர்க்கும், பிள்ளைகளை அனுப்பிவைக்கும் பெரியோர்க்கும் இது பயன்படலாம்.

கேளிக்கைப் பூங்காவை இகழ்ந்துரைப்பது என் நோக்கமன்று. தாம்பரத்திற்கு அருகே 1995இல் கிஷ்கிந்தா திறக்கப்பட்டபோது அதனைக் காணாத மாணவர் கூட்டம் சென்னைச் சுற்றுலாவை முழுமையான சுற்றுலா என்றே ஏற்கவில்லை. இளமைக்கு ஆரவாரமும் வேண்டும். ஆனால் அத்தகைய பூங்காக்களுக்கெல்லாம் முன்னோடியாகக் கருதப்படும் டிஸ்னிலாந்து அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 1955 ஜூலை 17 அன்று திறக்கப்பட்ட கதை, பயணம் அமைப்போர் அனைவரும் அறிய வேண்டியது. அழைக்கப்படாதோர் பலரும் போலி நுழைவுச்சீட்டுகளோடு வந்து குவிந்தனர். குழாய்ப் பணியாளர் வேலைநிறுத்தத்தால் குடிநீர்க் குழாய்கள் பல வறண்டிருந்தன. புதிதாகப் போட்ட தார் வெயிலில் இளகிக் காலணிகளைப் பற்றிக்கொண்டது. பெருஞ்செல்வமும் பேரறிவும் சேர்ந்து செய்த ஏற்பாடே தலைக்கணக்கிலும் தண்ணீரிலும் தடுமாறியது என்றால் நாம் எம்மாத்திரம்?

கடைசி மணியிலிருந்து தொடங்குக

திட்டமிடுவோர் வழக்கமாகச் செய்யும் பிழை, புறப்படும் நேரத்திலிருந்து கணக்கைத் தொடங்குவது. "காலை ஆறு மணிக்குக் கிளம்புகிறோம்" என்று தொடங்கினால் இடையில் வந்துசேரும் தாமதங்கள் யாவும் இரவின் தலையில் போய் விழும். திரும்பிவரும் நேரத்தை முதலில் எழுதிக்கொண்டு பின்னோக்கிக் கணக்கிடல் வேண்டும்.

இதனை நான் நூலில் கற்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கேளிக்கைப் பூங்காவிற்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். மாலை ஆறு மணிக்கு வாயிலில் கூடவேண்டும் என்று சொல்லியிருந்தும் இருவர் வரவில்லை. அவர்களுடைய அலைபேசிகளோ பூங்காவின் பாதுகாப்புப் பெட்டிக்குள் இருந்தன. அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரத்திற்கு மேலாயிற்று. கல்லூரி வாயிலை அடைந்தபோது நள்ளிரவு கடந்திருந்தது. வாயிற்கதவின் அருகே மிதிவண்டியைப் பிடித்தபடி நின்றிருந்த ஒரு தந்தை என்னை ஒரு சொல்லும் சொல்லவில்லை. மகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஏதேனும் கடிந்து சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆகவே இம்முறை முதல் வரியில் எழுதியது, இரவு 7.30க்குக் கல்லூரி வாயில் என்பது. நம் கல்லூரியிலிருந்து பிடதி ஏறத்தாழ ஐந்து மணி நேரப் பயணம். 7.30க்கு வந்து சேரவேண்டுமெனில் பூங்காவிலிருந்து பிற்பகல் 2.30க்குப் புறப்படல் வேண்டும். பூங்காக்களோ முற்பகலில்தான் திறக்கும். பத்து மணி நேரம் வண்டியில் அமர்ந்து, மூன்றரை மணி நேரம் விளையாடுவதா? அன்றி மாநில எல்லையைக் கடப்பதால் வண்டிக்குரிய உரிமத்தையும் வரியையும் முன்னரே சரிபார்த்தாக வேண்டும். வத்தல்மலையோ தருமபுரி நகரிலிருந்து ஏறத்தாழ 25 கிலோமீட்டர். தருமபுரி நமக்கு இரண்டு மணி நேரம். காலை 6.30க்குப் புறப்பட்டால், சிற்றுண்டிக்கு அரைமணி நேரம் ஒதுக்கினாலும், 10.30க்குள் மலைமேல் இருக்கலாம். பிற்பகல் 3.30க்கு இறங்கத் தொடங்கினால் வெளிச்சம் உள்ளபோதே அடிவாரத்தையும் தருமபுரியையும் அடைந்துவிடலாம். மலைமேல் ஐந்து மணி நேரம் முழுமையாகக் கிடைக்கிறது.

இவ்விடத்தில் ஓர் ஆசை தலைகாட்டும். "தருமபுரி வரை போகிறோமே, ஒகேனக்கலையும் பார்த்துவிடலாமே!" என்பார்கள். தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் வேறு திசையில் 45 கிலோமீட்டருக்கு மேல். காவிரியில் நீர்வரத்து மிகும் நாள்களில் பரிசல் ஓட்டவும் குளிக்கவும் தடை விதிக்கப்படும். அது தெரியாமல் சென்று திரும்பியோர் பலர். ஒருநாட் பயணத்திற்கு ஓரிடமே போதும். இரண்டாவது இடத்தைச் சேர்த்த கணத்தில் முதலாவது இடமும் பாழாகிறது.

எவர் வரவில்லை?

பணக் கணக்கில் நாம் அறியவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. செலவுகள் இருவகை. நுழைவுச்சீட்டும் உணவும் தலைக்கு இத்தனை என்று கூடிக் குறைபவை. வண்டி வாடகை எத்தனை பேர் வந்தாலும் மாறாதது. எடுத்துக்காட்டாக, இரண்டு சிற்றுந்துகளுக்கு வாடகை 24,000 ரூபாய் என்று கொள்வோம். 48 பேர் வந்தால் தலைக்கு 500 ரூபாய். கடைசி நேரத்தில் 8 பேர் விலகினால் எஞ்சியோர்க்கு 600 ரூபாய். எனவே பெயர் கொடுத்தோர் தொகையால் வகுக்காமல், அதில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு வகுத்தலே அறிவுடைமை. மிஞ்சினால் திருப்பித் தரலாம். குறைந்தால் யாரிடம் போய்க் கேட்பது?

முன்சொன்ன பூங்காப் பயணத்தில் ஒரு மாணவர் முதல்நாள் மாலை காய்ச்சல் என்று சொல்லி நின்றுவிட்டார். மறுவாரம் அவர் உடன்பயிலும் ஒருவர் வாயிலாகத்தான் உண்மை தெரிந்தது. காய்ச்சல் இல்லை, வீட்டில் பணம் இல்லை. வகுப்பில் முதல் வரிசையில் அமர்பவர் அவர். பயணத்தின் ஒளிப்படங்களை மற்றவர்கள் காட்டிக்கொண்டிருந்தபோது அவரும் சிரித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

பூங்காவில் நுழைவுச்சீட்டே செலவின் பெரும்பகுதி. கல்லூரிக் கடிதத்தோடு முன்னரே பதிவு செய்தால் குழுவிற்கும் மாணவர்க்கும் சலுகை உண்டு என்பது மெய்யே. எனினும் வெளியுணவை உள்ளே கொண்டுசெல்லப் பெரும்பாலும் இசைவில்லை. ஆகவே உணவுச் செலவும் நம் கையில் இல்லை. மலைக்கு நுழைவுச்சீட்டு இல்லை. அதனால் இம்முறை கட்டணத்தை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க முடிந்தது. அதன் பின்னும் இயலாதோர் இருப்பர் என்பதால், ஆசிரியர்கள் நால்வரும் தம் பங்கிற்கு மேல் ஒரு தொகையைச் சேர்த்துப் பொறுப்பாசிரியரிடம் தந்துவிட்டோம். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. பட்டியலில் எல்லோருடைய பெயருக்கு நேராகவும் 'செலுத்தப்பட்டது' என்றே எழுதப்பட்டது.

மாணவியர் பொருட்டு இன்னொன்றும் நினைக்கப்பட்டது. நீர் விளையாட்டுகளில் பருத்தி ஆடைக்கு இடமில்லை, செயற்கை இழை ஆடையே அணியவேண்டும் என்பது போன்ற விதிகள் பூங்காக்களில் உண்டு. உடலை மறைக்கும் ஆடையோடு எவ்வெவற்றில் பங்கேற்கலாம் என்று முன்னரே கடிதம் எழுதிக் கேட்டுக்கொள்ளாவிட்டால், அவர்கள் அன்று முழுவதும் கரையில் அமர்ந்து பிறருடைய பைகளைக் காத்துக்கொண்டிருக்க நேரும். நம் மாணவியர் சிலர் அவ்வாறு அமர்ந்திருந்ததைக் கண்டிருக்கிறேன். மலையிலோ வேறொரு குறை: கழிப்பறை. இதனை வெட்கப்பட்டுப் பேசாமல் விடுவதாலேயே பல பயணங்கள் பெண்களுக்குத் துன்பமாகின்றன. நானும் ஓர் ஆசிரியையும் இரண்டு வாரம் முன்னதாகச் சென்று, வழியில் எங்கெங்கு நிறுத்தலாம் என்பதையும் மலைமேல் எந்த வீட்டார் இடந்தருவர் என்பதையும் கேட்டு வைத்தோம். முன்சென்று பார்த்தவர் இல்லாத திட்டம் திட்டமாகாது.

மலை

வத்தல்மலை மூவாயிரம் அடிக்கு மேல் உயர்ந்தது. பெரியூர், பால்சிலம்பு, சின்னாங்காடு முதலிய சிற்றூர்கள் மலைமேல் உள்ளன. அங்கு வாழ்வோர் மலையாளி எனப்படும் பழங்குடியினர். கேரள மக்களைக் குறிக்கும் சொல்லோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது. இவர்கள் பேசுவது தமிழே. சேர்வராயன், கொல்லி, பச்சை, கல்வராயன், சவ்வாது, சித்தேரி மலைகளிலும் இம்மக்கள் உள்ளனர். சாமையும் கேழ்வரகும் அவர்தம் பழைய பயிர்கள். சில்வர் ஓக் மர நிழலில் காப்பியும், அம்மரங்களில் ஏறிப் படரும் மிளகும் பின்னர் வந்தவை. இருபதுக்கும் மேற்பட்ட கொண்டை ஊசி வளைவுகளோடு சாலை அமைந்ததே அண்மைக் காலத்தில்தான். அதற்குமுன் நெடுங்காலம் கால்நடையே வழி. நோயுற்றோரைத் தூளி கட்டித் தூக்கி இறக்கினர். 2021 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் இம்மலைக்கு நேரில் வந்து மக்களைச் சந்தித்தார். அரசுப் பேருந்து மலையேறியது அதன் பின்னரே. ஆதலின் நாம் காணச் செல்வது பிறர் வாழும் ஊர். அவர்கள் வீட்டு முற்றம். பூங்காவில் பணம் கொடுத்தோம் என்னும் உரிமை நமக்கு உண்டு. இங்கே அது இல்லை.

மலைச் சாலைக்கு நீண்ட சொகுசுப் பேருந்து ஏற்றதன்று. வளைவில் ஒரே திருப்பில் திரும்பாது. பின்னோக்கி எடுக்கும்போதுதான் இடர். ஆகவே இருபத்தைந்து இருக்கைச் சிற்றுந்துகள் இரண்டு. ஓட்டுநரைப் பற்றி இரண்டு வினாக்கள் கேட்டல் வேண்டும். முந்தைய இரவு உறங்கினாரா? மலைச் சாலையில் ஓட்டிப் பழகியவரா? இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரிலேயே இறங்குதல் பழைய ஓட்டுநர்களின் நெறி. எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும். குறுகிய மலைச் சாலையில் எதிரெதிரே வண்டிகள் வந்தால் இறங்கும் வண்டியே ஒதுங்கி, ஏறும் வண்டிக்கு வழிவிடல் வேண்டும் என்பது சாலை விதி. தருமபுரிக்கும் சேலத்திற்கும் இடையே உள்ள தொப்பூர்க் கணவாயில் நேர்ந்த விபத்துகளைச் செய்தித்தாளில் படிக்கும் எவரும் இதனை மிகையென்று கருதார். ஓட்டுநருக்கும் நம்மோடு அமர்த்தி உணவளிக்க வேண்டும். பிற்பகலில் ஒரு மணி நேரம் கண்ணயர இடமும் தரவேண்டும்.

அன்றைய நாள்

தருமபுரி என்றவுடன் என் தலைமுறை ஆசிரியர்க்கு நினைவுக்கு வரும் ஒரு நாள் உண்டு: 2000 பிப்ரவரி 2. கல்விச் சுற்றுலா வந்திருந்த கோவை தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியரின் பேருந்து தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் கொளுத்தப்பட்டது. அன்று வெளியான ஒரு நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்துக் கிளம்பிய வன்முறை அது. மூன்று மாணவியர் எரிந்து மாண்டனர். பயணம் செய்தோர்மீதோ உடன்வந்த ஆசிரியர்மீதோ எள்ளளவும் குற்றம் இல்லை. கொடியவர் செயலுக்குத் திட்டத்தில் விடை இல்லைதான். எனினும் அந்நாளுக்குப் பின் மாணவரை அழைத்துச் செல்லும் ஆசிரியர் எவரும் சிலவற்றைச் செய்யாமல் புறப்படலாகாது என்பது என் துணிபு. பெருந்தீர்ப்பு, கடையடைப்பு, தேர்தல் முடிவு ஆகியன எதிர்பார்க்கப்படும் நாள்களைத் தவிர்த்தல். புறப்படுமுன்னும், மலையிலிருந்து இறங்குமுன்னும் ஊரில் உள்ள ஒருவரிடம் பேசி நிலைமை அறிதல். ஐயம் தோன்றின் இருந்த இடத்திலேயே தங்குதல். வீடு சேரத் தாமதமாவது பெருங்குற்றமன்று. வண்டியின் அவசரக் கதவு உண்மையிலேயே திறக்கிறதா என்று கையால் திறந்து பார்த்து, அதன் முன்னே பைகளை அடுக்காதிருத்தல். இக்கடைசிச் செயலுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. நாங்கள் பார்த்தபோது இரண்டு வண்டிகளுள் ஒன்றின் கதவு துருவேறித் திறக்கவில்லை. வண்டி மாற்றப்பட்டது.

மலைமேல் எல்லா இடத்திலும் அலைபேசித் தொடர்பு கிட்டும் என்று நம்பலாகாது. இன்ன நேரத்தில் பேசுவோம், பேசாவிட்டால் இன்ன நேரம்வரை அஞ்சவேண்டா என்று வீட்டாரிடம் முன்னரே சொல்லிவைத்தால் பல தாய்மார் நிம்மதியாக இருப்பர். பெற்றோர் இசைவுக் கடிதத்தில் கையெழுத்து மட்டும் வாங்காமல், வலிப்பு, இழுப்பு, மருந்து ஒவ்வாமை உண்டா என்றும் கேட்டு வாங்கவேண்டும். அத்தா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அம்மாவோடு பேசிவிட்டே பெயரைச் சேர்த்தோம். அவசர ஊர்திக்கு 108. அருகில் உள்ள பெரிய மருத்துவமனை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. மலையிலிருந்து அங்குச் செல்ல ஆகும் நேரத்தையும் குறித்துக்கொண்டோம்.

உணவைப் பற்றிப் பெரும் வாதம் நடந்தது. பிரியாணி இல்லாத பயணம் பயணமா என்றனர். விடியற்காலையில் தம் போட்டுக் கட்டிய பிரியாணி, வெயிலில் வண்டியின் பின்புறம் கிடந்து, பிற்பகல் இரண்டு மணிக்குத் திறக்கப்படும்போது என்னவாகும் என்பதை நான் விளக்கவேண்டியதில்லை. சூடான இறைச்சி உணவைப் பல மணி நேரம் அடைத்து வைப்பதே வயிற்றுக் கேட்டிற்கு வழி. எனவே கையில் கொண்டுசென்றது புளிச்சோறும் அவித்த முட்டையும் மட்டுமே. தருமபுரியில் காலைச் சிற்றுண்டி. மலைமேல் ஒரு வீட்டாரிடம் ஒரு வாரம் முன்னரே சொல்லி, அவர் கேட்ட விலைக்குச் சாமைச் சோறும் குழம்பும். வளைவுகளில் குமட்டல் வரும் என்பதால் காலையில் பாதி வயிறு போதும் என்று சொன்னோம். கேட்டவர் சிலர், கேளாதவர் பலர். பிரியாணி கல்லூரிக்குத் திரும்பிய இரவு, வாயிலருகே காத்திருந்தது.

வெள்ளிக்கிழமையைத் தவிர்த்துச் சனிக்கிழமையில் சென்றமையால் ஜும்ஆத் தொழுகைக்கு இடையூறு இல்லை. லுஹருக்கு ஒரு பள்ளிக்கூட முற்றத்தில் இசைவு பெற்றிருந்தோம். பயணத்தில் சுருக்கித் தொழும் சலுகை தொலைவைப் பொறுத்தது ஆதலின் அதனை நம் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொண்டோம். அந்நேரத்தில் பிற சமய மாணவர் சும்மா காத்திருக்க வேண்டாமென்று அவர்களைக் காப்பித் தோட்டத்திற்கு முதலில் அனுப்பினோம். மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக்கொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக அபூதாவூத் தொகுப்பில் உள்ளது. நாங்கள் ஐம்பதின்மரைப் பத்துப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொரு பத்திற்கும் ஒருவரைத் தலைவராக்கினோம். "என்ன இருக்கிறது?" என்று கேட்ட மாணவர்தான் மூன்றாம் பத்தின் தலைவர். கண்டிப்பான தலைவர், தம் பத்துப் பேரையும் இறங்கும்போதும் ஏறும்போதும் பெயர் சொல்லியே எண்ணினார். எண்ணிக்கை சரியாக இருந்தும் ஆள் மாறியிருக்கக்கூடும் என்பது அவர் வாதம்.

மலைமேல் ஒரு வீட்டு முற்றத்தில் காப்பிப் பழங்கள் உலர்ந்துகொண்டிருந்தன. அவற்றைக் கையால் துழாவிவிட்டுக்கொண்டிருந்த முதிய தாயிடம் அவர் குந்தி அமர்ந்து, சாலை வருமுன் கீழே போய்வர எவ்வளவு நேரமாகும் என்று கேட்டார். "போய் வந்தா பொழுது சாஞ்சிடும் கண்ணு" என்றார் அத்தாய். பிறகு தம் மருமகளைப் பேறுகாலத்தில் தூளியில் இறக்கிய கதையைச் சொன்னார். அதனை முழுதும் கேட்டு முடிப்பதற்குள் 3.30 ஆகிவிட்டது. மூன்றாம் பத்துத்தான் அன்று கடைசியாக வண்டி ஏறியது.

கல்லூரி வாயிலை அடைந்தபோது மணி 7.50. இருபது நிமிடம் தாமதம். தருமபுரியில் தேநீருக்கு நின்ற பிழை.

இவ்வாண்டுப் பயணத்திற்கு அம்மாணவரையே பொறுப்பாளராகத் தேர்ந்துள்ளனர். சென்ற வாரம் ஒரு தாளைக் கொண்டுவந்து தந்தார். இடம் கேளிக்கைப் பூங்காதான். ஆனால் முதல் வரி, 'கல்லூரி வந்துசேரும் நேரம் இரவு 8.30' என்றிருந்தது. அதன்கீழ், பூங்காவிலிருந்து புறப்பாடு பிற்பகல் 3.30, நீர் விளையாட்டு ஆடை பற்றிக் கடிதம் எழுதப்பட்டுவிட்டது, கட்டணத்தை எட்டுத் தவணையாகச் செலுத்தலாம். நான்கரை மணி நேரம் விளையாடப் போதுமா என்று ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இட்டிருந்தார். வரும் திங்கட்கிழமை கூட்டத்தில் அதனைப் பேச இருக்கிறோம்.